ஸ்பிதி: காற்று, ராஜ்மா, ஒரு டாக்சிக்காரர்

முதலில் அந்த டாக்சிக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பெரிய ஊரான காசாவிலிருந்து, மேலே மலையில் இருக்கும் லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்று ஊர்களையும் காட்டிவிட்டுத் திரும்ப ஒரு தொகை பேசித்தான் ஏறினோம். கோமிக் போய்ச் சேர்ந்ததும் மனிதர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹிக்கிமில் காத்திருந்ததற்குத் தனியாக 500 ரூபாய் வேண்டும் என்கிறார். 4,500 மீட்டருக்கு மேலே, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே மூச்சு வாங்குகிறது, இதில் எங்கே பேரம் பேசுவது? கொடுத்தோம், வயிறெரிய. காசாவில் டாக்சி யூனியனின் கட்டணப் பட்டியல் இருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.

ஹிக்கிமில் என்ன அவ்வளவு நேரம் என்றால், தபால். 1983 முதல் இயங்கும் தபால் நிலையம், உலகத்திலேயே உயரமானது என்று போர்டு போட்டுக் கூட்டம் சேர்கிறது. அந்தப் பட்டத்தை நான் அளந்து பார்க்கவில்லை, ஆனால் அந்தக் காற்றில் கையுறையைக் கழற்றி, விரல் விறைத்து, மதுரையில் இருக்கும் அத்தைக்கு நாலு வரி எழுதுவதற்குள் கார்டு இரண்டு முறை பறந்துபோய் விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. இதற்குத்தான் 500 ரூபாய்!

இந்தக் காற்றைப் பற்றி யாருமே சரியாக எச்சரிப்பதில்லை. குளிர் குளிர் என்கிறார்கள், சூட்கேஸ் நிறைய ஸ்வெட்டர் வாங்க வைக்கிறார்கள். ஸ்பிதியில் காலை நேரம் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற மொட்டை மலைச்சரிவுகள் சுட்டு, அங்கே காற்று மேலெழும்ப, பள்ளத்தாக்கின் கீழேயிருந்து புதுக்காற்று இழுபட்டு வர, மதியத்துக்கு மேல் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. தடுக்க மரம் கிடையாது. பருவமழையைத் தெற்கே உள்ள மலைத்தொடர்கள் மறித்துவிடுவதால், ஆற்றோரமும் பட்டாணி, பார்லி வயல்களும் தவிர மற்றதெல்லாம் வறண்ட மண். எனவே ஸ்வெட்டரைவிடக் காற்றுப் புகாத ஜாக்கெட்டுக்குப் பணத்தைச் செலவழியுங்கள்.

மணாலியிலிருந்து போகிற வழியைச் சொல்ல விட்டுவிட்டேனே. அரசு பஸ்ஸில்தான் போனோம். இருட்டோடு கிளம்பி, அடல் சுரங்கப்பாதையின் 9 கிலோமீட்டரைச் சொகுசாகக் கடந்து, கோக்சர் தாண்டி கிராம்பூவில் திரும்பியதும் ஆரம்பிக்கிறது வேடிக்கை. அதைச் சாலை என்று சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். சந்திரா ஆறு ஒரு பக்கம், தலைக்கு மேல் பாறை, நடுவே சக்கரம் அளவுக்கு உருண்டைக் கற்கள். குறுக்கே ஓடும் நாலாக்களில் (மலை ஓடைகளில்) வெயில் ஏறினால் பனி உருகித் தண்ணீர் கூடிவிடும், அதனால்தான் விடிவதற்கு முன்பே பஸ்ஸை எடுத்துவிடுகிறார்கள். கடைசி சீட் மட்டும் வேண்டாம், தலை கூரையில் இடிக்கிறது. ஆனாலும் அந்த டிரைவரின் கைக்கு ஒரு கும்பிடு. டாக்சியில் ஒரு சீட்டுக்குக் கேட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை டிக்கெட்.

படாலில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஊர் என்று ஒன்றும் இல்லை, பாலத்தை ஒட்டி சில தாபாக்கள், அவ்வளவுதான். ராஜ்மா சாவல் (சிவப்பு பீன்ஸ் குழம்பும் சோறும்) கேட்டோம். கடைக்கார தீதி (அக்கா) தட்டில் சோற்றைக் குவித்து, அடுப்பிலிருந்து அப்படியே கொதிக்கிற ராஜ்மாவை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுப் பச்சை வெங்காயத்தை ஓரமாக வைத்தார். வெளியே தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொள்கிறது, உள்ளே எவரும் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட மட்டுமே திறந்தோம். இரண்டாவது முறை சோறு போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. சாம்பார் இல்லாமல் இரண்டு வேளை இருக்க முடியாத ஆள் நான், இதை எழுதும்போதும் அந்த ராஜ்மாதான் நாக்கில் நிற்கிறது. அதே உற்சாகத்தில் பிறகு ஒரு நாள் ஒரு வீட்டில் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் குடித்தேன். மன்னிக்கவும், ஒரு கோப்பைக்கு மேல் என்னால் முடியாது.

படாலுக்கு அப்புறம் குன்சும் கணவாய், 4,551 மீட்டர். பஸ் அங்குள்ள கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு ஏறுவதால் மண்டை வெடிக்கிற மாதிரி வலி வருகிறது, பஸ்ஸில் பாதிப் பேர் வாந்திக்குக் கவர் பிடித்திருந்தார்கள். அவசரமில்லாதவர்கள் சிம்லா, ரெக்காங் பியோ வழியாக மெதுவாக ஏறி, இறங்கும்போது மணாலிப் பக்கம் வாருங்கள். செலவும் அதிகமில்லை, உடம்பும் பழகிவிடும்.

காசா பக்கத்தில் உள்ள கீ புத்த மடாலயத்துக்கும் டாக்சிதான் ஒரே வழி என்று காசாவில் சாதிப்பார்கள், நம்ப வேண்டாம். நாங்கள் போனபோது மாலையில் ஒரு பஸ் கீ வழியாகக் கிப்பர் கிராமம் வரை ஏறி, மறுநாள் காலையில் இறங்கியது. கிப்பரில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் காற்று எழுவதற்குள் சிச்சம் பாலத்துக்கு நடந்தே போனோம். 2017இல் பாலம் திறப்பதற்கு முன் அதன் கீழே உள்ள ஆழமான மலைப்பிளவைக் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துத்தான் ஊர்க்காரர்கள் கடந்திருக்கிறார்கள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது எனக்கு முழங்கால் கழன்றுவிட்டது, அவர்கள் மூட்டையோடு கூடையில் போயிருக்கிறார்கள்!

ஸ்பிதியில் இருக்கும் தாபோ என்ற ஊரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். அங்கே 996இல் கட்டிய மண் மடாலயம், 1975 பூகம்பத்தில் அடி வாங்கியும் நிற்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, இருட்டில் சுவரோவியம் பார்க்க நல்ல டார்ச் அவசியம்.

செலவுக் கணக்குக் கேட்டவர்களுக்கு: பட்டியலை அடுத்த பதிவில் போடுகிறேன். இப்போதைக்கு ஒன்று, மணாலியிலோ ரெக்காங் பியோவிலோ பணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், 100 ரூபாய் நோட்டாக. காசாவில் ஏடிஎம் இருக்கிறது, நாங்கள் போன இரண்டு முறையும் அதில் பணம் இல்லை.