தோலாவிரா: ஆறில்லாத ஊரில் ஒரு பெருநகரம்

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கிறது தோலாவிரா, சிந்துவெளி நாகரிகத்தின் பழைய நகரம். பூஜ் நகரிலிருந்து காவ்டா வழியாகப் புதிய சாலையில் போனால் சுமார் 130 கி.மீ. கடைசிப் பகுதியில் சாலையின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்புப் பரப்பு. எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்தார்கள். நாங்களும்தான். அப்புறம் தோலாவிரா இருக்கும் காதிர் தீவு, வெயில், தூசி.

சிந்துவெளி என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த பெரிய ஆறும் சுட்ட செங்கல்லும்தான் நினைவுக்கு வரும். இங்கே எங்கும் கல். ஆற்றுக்குப் பதில் மன்சர், மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழை பெய்தால்தான் அவற்றில் தண்ணீர். நிலத்தடி நீரும் பெரும்பாலும் உப்பு. ஆக, ஊரைத் திட்டமிட்டவர்கள் தண்ணீரிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டி, சரிவைப் பயன்படுத்தி, நீரை மதிலை ஒட்டி வெட்டிய குளங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். கிழக்குக் குளத்தின் நீளம் மட்டும் 73 மீட்டருக்கு மேல். ஆழம் சுமார் 10 மீட்டர். படிகளில் இறங்கிப் போனால், கீழ்ப்பகுதியைப் பாறையிலேயே குடைந்திருப்பது தெரிகிறது. இரும்புக் கருவி இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமதில் 771 மீட்டருக்கு 617 மீட்டர். கணக்குப் போட்டால் சரியாக 5:4. கண்ணளவில் வளர்ந்த ஊர் இல்லை இது. 1990 முதல் இங்கே அகழாய்வு நடத்திய ஆர்.எஸ். பிஷ்ட், இப்படிப்பட்ட விகிதங்களைப் பல இடங்களில் அளந்து காட்டியிருக்கிறார்.

வடக்கு வாசலில் கூட்டம். சிந்துவெளி எழுத்துக் குறிகள் பத்து கொண்ட பெரிய பலகை கிடைத்த இடம் அதுதான். ஒவ்வொரு குறியும் சுமார் 37 செ.மீ. உயரம். மரம் மக்கிப்போய், பதித்திருந்த ஜிப்சத் துண்டுகள் மட்டும் மிஞ்சின. இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. ‘ஊர்ப் பெயர்ப் பலகை’ என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வதை நான் நம்பவில்லை.

என்னை நிறுத்தியது கோட்டைக்குள் இருக்கும் கிணறு. வாய்க் கல்லில் கயிறு அறுத்த தடங்கள். எங்கள் ஊர்ப் பழைய கிணற்றுக் கல்லில் இருப்பதே போல. பக்கத்தில் மழைநீர் வடிகால், கற்பலகைகளால் மூடியது. சில இடங்களில் ஆளே உள்ளே நடக்கலாம். வழிகாட்டி இதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்!

கீழே நகரப் பகுதியில் இவ்வளவு ஆடம்பரம் இல்லை. நேர்த்தெருக்கள் இருக்கின்றன, வீட்டுக் கழிவுநீரோ தெருவில் புதைத்த சாடிகளில் விழுந்திருக்கிறது. பெரிய வடிகால், நல்ல கிணறு எல்லாம் மேலே கோட்டைக்காரர்களுக்கு. சிந்துவெளியில் எல்லோரும் சமம் என்று எழுதுபவர்கள் இங்கே ஒருமுறை வந்து போகலாம்.

2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நிழல் மட்டும் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.