பதினொன்றில் நான்கு: மா ஒட்டு, இரண்டாம் வருஷம்

நான்கு பிடித்துவிட்டது. புரட்டாசிக் கடைசியில் நல்ல ரகத்து மாங்குச்சி பதினொன்றை எங்கள் மாமரத்தில் ஒட்டுக் கட்டினேன், நான்கு நிற்கிறது. போன வருஷம் ஒன்பது கட்டி ஒன்பதும் கருகிப்போன மரம் இது. இன்று காலை நாலாவது குச்சியில் இரண்டாம் துளிர் செம்பு நிறத்தில் எட்டிப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

திருச்சியில் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம். இமாம் பசந்த் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையில் முளைத்தது, பதினோரு வயசு. பழம் நாரும் புளிப்புமாக இருக்கும். ஆனால் காய்ப்பில் ஒரு வருஷம் குறை வைத்ததில்லை, அதனால்தான் கை வைக்க மனம் வரவில்லை. அம்மா அதில்தான் ஊறுகாய் போடுவார். "காய்க்கிற மரத்துல ரம்பம் வைக்காதடா, ஒட்டு புடிக்கலேன்னா உள்ளதும் போயிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம். ரம்பத்தோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை மரத்தடி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கடைசியில் கிழக்குக் கிளை ஒன்றை மட்டும் அம்மாவுக்கு விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் போன வருஷம் மாசியில் இடுப்பு உயரத்தில் அறுத்தேன். அந்தக் கட்டைகளில் புதுசாக வரும் துளிரில்தான் (தாய்த்துளிர்) குச்சியை ஒட்ட வேண்டும். விட்ட கிளை ஊறுகாய்க்கும் ஆச்சு, வேருக்குச் சோறு போடவும் ஆச்சு.

அறுக்கும்போது அடிப்பக்கம் கால்வாசி அறுத்துக்கொண்டு பிறகு மேலிருந்து வாருங்கள். முதல் கிளையில் இதைச் செய்யாமல் ஒரு முழம் பட்டை கிழிந்து தொங்கியது. வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மாம்பால் பட்ட தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் ஆடியில் கட்டியது அத்தனையும் போச்சு. அதில் ஒன்றுதான் என்னை ரொம்ப அழவைத்தது. பதினெட்டாம் நாள் மொட்டு விரிந்து இரண்டு இலை வந்தது. பிடித்துவிட்டது என்று, குச்சி காயாமலிருக்க மாட்டியிருந்த ஐஸ் பாக்கெட் உறையைக் கழற்றி, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் ஆடிக் காற்றில் தொங்கிப்போனது. குச்சி தன் உடம்பில் இருந்த சத்தை வைத்தே துளிர்த்திருக்கிறது, கீழே ஒட்டவே இல்லை.

ஒன்பதையும் பிடுங்கி எறிய மனசு வரவில்லை. அறுத்து எடுத்து, திண்ணையில் வரிசையாக வைத்து, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டில் மழைத்தண்ணீர் இறங்கி அழுகியிருந்தது. மற்ற ஏழிலும் ஒரே கதை: ஆப்பின் (தாய்த்துளிரைப் பிளந்து செருகுவதற்காகச் சீவிய குச்சியின் அடிமுனை) முகம் தட்டையாக இல்லை, நடுவில் குழிந்து, அந்தக் குழியில் கறுப்பாகப் பிசின். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் பச்சைக் கோடு எங்குமே சந்திக்கவில்லை.

காரணம் என் கைதான். குச்சி வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியிருக்கிறேன். பயந்து சீவினால் ஆப்பு அலை அலையாகத்தான் வரும். பேப்பர் கட்டர் பிளேடு வேறு, அழுத்தினால் வளைகிறது. அதனால் ஒட்டுக்கத்தி வாங்கினேன், ஒரு பக்கம் மட்டும் சாய்வு தீட்டியது. தட்டையான பக்கம் ஆப்பின் மேல் படிய வேண்டும். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, தோளிலிருந்து ஒரே இழுப்பு. நாலு சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கத்துக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான். சரியாக வரவில்லையா, அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். சரிசெய்யப் போனால் அது செத்துப்போகும் குச்சி. மா, வேம்பு, செம்பருத்தி என்று கிடைத்த குச்சியையெல்லாம் நாளுக்கு இருபது வீதம் ஒரு மாதம் சீவினேன். வெட்டிய இரண்டு முகத்தைச் சேர்த்து வெயிலில் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. முதல் வாரம் இருபதில் ஒன்று தேறியது. மாதக் கடைசியில் பதினான்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காவிட்டால் பால் காய்ந்து முனை இழுக்கும்.

குச்சிக்கு இந்த வருஷம் கடையை நம்பவில்லை. போன முறை ஒரு நர்சரியில் இமாம் பசந்த் என்று சொல்லிக் கொடுத்த கட்டில் பாதிக் குச்சியின் மொட்டு கருகியிருந்தது, பணம் போனது போனதுதான். இந்த முறை நண்பரின் தோப்பில் நானே குச்சி பார்த்து, பத்து நாள் முன்னால் இலையை நறுக்கி, காம்பு தானாக உதிர்ந்து மொட்டு பருத்த பிறகு காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வந்து மதியத்துக்குள் கட்டினேன். ஆடியை விட்டுப் புரட்டாசிக்குத் தள்ளியதும் உதவியிருக்கிறது, காற்று அடங்கிக் காற்றில் ஈரம் இருந்தது. உறையை முப்பத்தைந்து நாள் தொடவில்லை. தினமும் கை பரபரத்தது உண்மை.

பிடிக்காத ஏழையும் போன வாரம் பிரித்துப் பார்த்தேன். ஐந்தில் ஆப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் தாய்த்துளிர் பச்சை முற்றிப்போனது. செம்பு நிறம் மாறுவதற்குள் கட்டியிருக்க வேண்டும். அடுத்த முறைக்கு இது ஒன்றே போதும்.

லக்னோ பக்கம் மலிகாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் 300க்கும் மேற்பட்ட மா ரகங்களை ஒட்டி வைத்திருக்கிறார், 2008ல் பத்மஸ்ரீ வாங்கியவர். 1957ல், பதினேழு வயசில், ஏழு ரகம் ஒட்டிய அவருடைய முதல் மரம் நிலைக்கவில்லை. ஒன்பது குச்சியும் கருகிய அந்த ஆடியில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது அந்த முதல் மரத்தைத்தான்.

நான்கில் மூன்று இமாம் பசந்த், ஒன்று பெரியகுளத்து பிகேஎம் 1. அது சின்ன சுவர்ணரேகாவையும் நீலத்தையும் கலந்த ரகம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்பதால் ஆசை. சேலத்து மல்கோவாவுக்கும் குச்சி சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் இந்த நான்குக்கும் மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டும், கட்டுப் பட்டையைத் தளர்த்த வேண்டும், ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தாய்த்துளிரை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். எதுவும் இன்னும் செய்யவில்லை.

கிழக்குக் கிளையைப் பற்றி அம்மாவிடம் நேற்று மெதுவாகப் பேச்செடுத்தேன். இந்த நான்கில் ஒரு காயாவது கண்ணில் காட்டு, அப்புறம் பேசலாம் என்றார். தை மாதம் அந்தக் கிளை பூக்கும். அது பூக்கட்டும். வடக்குக் கட்டையில் புதுசாக ஆறு துளிர் வந்திருக்கிறது, இரண்டு இன்னும் செம்பு நிறம்தான். நாளை தோப்புக்குப் போய் இலை நறுக்கிவிட்டு வருகிறேன்.