முட்டுச்சந்துகளாக வளரும் தென்சென்னை

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நகரம் எவ்வளவு பரவியது என்பதை இந்த எண் சொல்லும். எப்படிப் பரவியது என்பதைத் தெருக்கள் சந்திக்கும் இடங்களில்தான் பார்க்க முடியும். நாற்சந்திகள் மிகுந்த பகுதியில் ஓரிடத்துக்குப் போகப் பல வழிகள் உண்டு. முட்டுச்சந்துகள் மிகுந்த பகுதியிலோ, பின்தெருவில் இருக்கும் கடைக்குப் போகவும் பிரதான சாலைவரை வந்து சுற்றத்தான் வேண்டும்.

1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தபோது, பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகளை முதலில் வகுத்தார்கள். வீடுகள் பிறகு வந்தன. அங்கே இன்று எவ்வளவு நெரிசல் இருந்தாலும், ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் நுழைந்து வெளியேறிவிடலாம். வீட்டுவசதி வாரியம் அமைத்த அண்ணா நகரிலும் தெருக்களை ஒரே கை வரைந்த ஒழுங்கைக் காணலாம்.

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் வந்தால் வரைந்த கைகள் பல. ஒருவர் சில ஏக்கர் வயலை வாங்கி, சர்வே எண்ணின் எல்லைக்குள் எத்தனை மனைகள் தேறும் என்று கணக்கிட்டுத் தெரு போடுகிறார். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வயலை வாங்கும் இன்னொருவர் தம் தெருக்களை வேறு திசையில் போட்டு, நடுவில் ஒரு மதிலும் எழுப்பிவிடுகிறார். இரண்டு மனைப்பிரிவுகளும் தனித்தனியே விதிப்படி அமைந்தவையாகவே இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் அவை ஊராக இணைவதில்லை. வாயிற்காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இதை இன்னும் இறுக்கிவிட்டன.

பழைய மகாபலிபுரம் சாலையில் நீர்நிலைகளின் தடையும் சேர்ந்துகொள்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இரண்டையும் கடக்கும் வழிகள் மிகக் குறைவு. சதுப்பைக் கிழித்து மேலும் சாலை போடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடியிருப்புகளுக்கு இடையிலாவது தெருக்கள் இணைந்திருந்தால், இவ்வளவு வண்டிகள் ஒரே சாலையில் வந்து விழ வேண்டியிருக்காது.

கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் அமைப்பை மாற்றுவது அரிது. ஒப்புதல் பெறாத மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் பத்திரப்பதிவுச் சிக்கலுக்கு வழி செய்தது. ஏற்கெனவே வீடுகள் எழுந்துவிட்ட இடத்தில் விடுபட்ட இணைப்பை எந்தக் கட்டணத்தாலும் உண்டாக்க முடியாது. பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்னும் இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் புதிய தெருக்களின் இணைப்பு ஏறத்தாழ 1994வரை குறைந்துகொண்டே வந்து, பிறகு மீளத் தொடங்கியது. ஆகவே இந்தப் போக்கு திரும்பவே திரும்பாத ஒன்றல்ல.

மாநகராட்சியைவிடப் பெரிய திட்டமிடல் எல்லையான சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் சிற்றூர்களுமாகவே இருக்கிறது. அங்கே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும், நீர்நிலை குறுக்கிடாத பக்கங்களில், அடுத்த நிலத்தின் எல்லைவரை ஒரு தெருவையாவது திறந்து விடுமாறு கட்டாயப்படுத்த வேண்டும். அந்த எல்லையில் மதில் எழுப்பவும் அனுமதிக்கக் கூடாது.