அழுகையை அடக்கிக்கொண்டு படித்த மூன்று வாரங்கள்

குரூப் 4 தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மாச்சி இறந்துபோனார்கள். என்னை வளர்த்தவர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டேன். யாராவது துக்கம் விசாரித்தால் முகத்தை மாற்றாமல் "ம்" என்பேன். தொண்டையை அடைக்கும். விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். அதைத்தான் மனஉறுதி என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். முன்பு படித்ததெல்லாம் வந்தது. அந்த மூன்று வாரத்தில் படித்த பாடங்களில் கேள்வி வந்தால் மட்டும் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தால், பச்சை மையில் கோடு போட்டிருப்பது நானேதான். ஆனால் ஒரு வரிகூடக் கண்ணில் பட்ட ஞாபகம் இல்லை.

உளவியல் படிக்கும் பெரியம்மா மகள்தான் விளக்கினாள். ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு. மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டும்போது, உணர்ச்சி முகத்தில் தெரியக்கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். வேறு சிலரிடம், ஒரு மருத்துவர் பார்ப்பதுபோலப் பாருங்கள் என்றார்கள். படங்களோடு சொன்ன தகவல்களை முகத்தை அடக்கியவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பார்வையை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 'முகம் காட்டிக்கொடுக்கிறதா' என்று தன்னையே காவல் காப்பதில் கவனம் செலவாகிவிடுகிறது. இத்தனைக்கும் அடக்குவதால் உள்ளே இருக்கும் சோகம் குறைவதுமில்லை. ஆய்வு சில நிமிடங்களைப் பற்றியதுதான், என்னுடையது வாரக்கணக்கு. இருந்தாலும் எனக்கு அப்படியே பொருந்தியது.

சரி, பார்வையை எப்படி மாற்றுவது? 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிக்கொள்வதல்ல அது. அது எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. கடைசி மூன்று மாதம் அம்மாச்சியால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. முதுகில் புண். மருந்து வைக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். 'போய்விட்டார்களே' என்பதோடு 'அந்த வலி முடிந்தது' என்பதையும் சேர்த்து நினைத்தேன். இரண்டும் உண்மைதான். அழுகை வந்தது, ஆனால் வந்துவிட்டுப் போனது.

முதல் சில நாட்களில் இதை முயற்சி செய்யாதீர்கள். சோகம் உச்சத்தில் இருக்கும்போது யோசித்து மாற்ற முடியாது. அப்போது கொஞ்ச நேரம் மனதை வேறு பக்கம் திருப்புவதே போதும். நான் மாட்டுக்குப் புல் அறுத்தேன். அழுகை வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு அழுங்கள், அப்புறம் திறங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். அடக்கிக்கொண்டு படித்த பக்கங்களைக் குறித்துவைத்து மறுபடி படியுங்கள். எனக்குப் பதினொரு பாடம் ஆனது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதியவர்கள் தேர்வை நன்றாகச் செய்ததாக 2011இல் ரமிரெஸ், பெய்லாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான் தினமும் காலையில் எழுதினேன். முதல் நாள் ஒரே வரி: "மணிக்கட்டில் இன்னும் கை இருக்கிறது."

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.