பழைய வின்செஸ்டருக்குத் துளையிடாமல் தோள்வார் பூட்டிய அனுபவம்

என் மாமனார் மறைந்த பிறகு, பென்சில்வேனியாவின் வடபகுதியில் பாட்டர் கவுண்டியில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தது வின்செஸ்டர் 94 ரக லீவர் ரைஃபிள்; விசைக்குக் கீழுள்ள லீவர் என்ற கைப்பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்கு வரும். அதை 1950களின் தொடக்கத்தில் புதிதாக வாங்கியவர் அவருடைய தந்தை. இரண்டு தலைமுறையாக மான் வேட்டைக்குப் போய்வந்த அந்தத் துப்பாக்கிக்குத் தோள்வார் ஒருபோதும் இருந்ததில்லை.

இல்லாததற்குக் காரணம் உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்த இந்த ரகம், குதிரைச் சேணத்தின் பக்கவாட்டில் தொங்கும் தோலுறையில் செருகிக்கொண்டு போவதற்கும், நடக்கும்போது ஒரே கையில் பிடித்துக்கொள்வதற்கும் ஏற்ற உருவம் கொண்டது. 20 அங்குலக் குழல், தட்டையான மெலிந்த உடல், ஏறக்குறைய 3 கிலோ எடை; லீவருக்குச் சற்று முன்னால் கையைச் சுற்றிப் பிடித்தால் தராசு முள்போல் நிற்கும். மாமனார் நாள் முழுவதும் அப்படித்தான் சுமந்தார். அவருடைய உள்ளங்கையும் அவர் தந்தையின் உள்ளங்கையும் பட்டுப்பட்டு, அந்த ஓரிடத்தில் மட்டும் எஃகின் நீலக்கருமை தேய்ந்து வெள்ளிச் சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது. எனக்கோ சில ஆண்டுகளுக்கு முன் முறிந்து கூடிய வலது மணிக்கட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த அந்தச் சரிவுகளில் பனியில் ஏறி இறங்க இரு கைகளும் தேவைப்படுகின்றன. ஆகவே தோள்வார் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் அணுகிய துப்பாக்கிப் பணிமனையில், தோளில் ஊன்றும் மரப்பகுதியான அடிக்கட்டையின் கீழ்ப்புறத்தில் ஒரு துளையிட்டு வளையத் திருகைப் பொருத்திவிடலாம், கால் மணி நேர வேலைதான் என்றார்கள். வழக்கமான, உறுதியான முறை அதுவே. புதிய துப்பாக்கியாக இருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் 1964இல் வின்செஸ்டர் நிறுவனம் செலவைக் குறைப்பதற்காகத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர்கள் தனியே மதிக்கிறார்கள்; பிற்காலத்தில் இட்ட துளை எதுவானாலும் அந்த மதிப்பைக் குறைக்கும். விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்றாலும், எழுபது ஆண்டுகளாக யாரும் துளைக்காத வால்நட் கட்டையில் நான் முதல் துளையை இட விரும்பவில்லை.

துளையில்லாத வழி என்றால், பின்பக்கம் அடிக்கட்டையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் தோலுறையும், முன்பக்கம் குழலோடோ அதன் கீழ் ஓடும் தோட்டாக் குழாயோடோ பிணையும் ஏதாவது ஒரு பிடிப்பும் வேண்டும். தோல் வேலை எனக்கு ஓரளவு பழக்கம் என்பதால் உறையையும் வாரையும் நானே செய்தேன். வாருக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடிய கனமுள்ள மாட்டுத்தோல்; உறைக்கு அதில் பாதிக் கனம். வாரின் அகலம் 1 அங்குலம், தோளில் படியும் இடத்தில் மட்டும் 2 அங்குலம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டினேன். லீவரை முழுவதும் கீழே தள்ளித் திறந்து, விளக்கொளியில் குழலின் பின்வாயைக் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் சுண்டுவிரல் நுனியாலும் தொட்டுப் பார்த்து, குழாயில் தோட்டா எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்த பிறகே துப்பாக்கியை மேசையில் கிடத்தினேன். நேற்று பார்த்தோமே என்று ஒரு நாளும் விடவில்லை.

பின் உறையில்தான் முதல் தடை வந்தது. அடிக்கட்டை தோளை நோக்கிப் போகப்போக அகன்றும், லீவர்ப் பக்கம் வரவரச் சிறுத்தும் இருக்கும். தோளில் மாட்டியதும் துப்பாக்கியின் எடை உறையை மேல்நோக்கி, அதாவது கட்டை சிறுத்த பக்கத்துக்கே இழுக்கிறது. எனவே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அரை மணி நேரத்தில் உறை நழுவி லீவரின் பின்முனையை முட்டியது. கயிற்றை இன்னும் இறுக்குவதில் பயனில்லை என்று தெரிந்தபின் உறையைப் பிரித்து, தோலின் சொரசொரப்பான உட்புறம் மரத்தில் படும்படி மறுபடி வெட்டினேன். கட்டையின் மீது சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, அதன்மேல் போர்த்திக் கயிற்றைக் கோத்து இழுத்து, இரவு முழுவதும் காயவிட்டேன். காலையில் தோல் சுருங்கிக் கட்டையின் வளைவை அப்படியே அச்செடுத்ததுபோல் பற்றியிருந்தது. தாளை உருவிவிட்டு மறுபடி பூட்டியபோது, துப்பாக்கியை வாரால் தூக்கி உலுக்கியும் உறை அசையவில்லை. மொத்த வேலையிலும் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த தருணம் அதுதான்.

முன்பக்கம் முதலில் குழலையும் தோட்டாக் குழாயையும் சேர்த்துச் சுற்றும் தோல் கண்ணி ஒன்றைப் போட்டேன். அது வாரோடு பின்னுக்கு வழுக்கி, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரமான முன்கட்டையைப் பிணைக்கும் உலோகப் பட்டையில் போய் இடித்து நின்றது. வழுக்கிய தடத்தில் எஃகின் நிறம் மங்கத் தொடங்கியது. ஒரே நாளில் அதைக் கழற்றிவிட்டு, தோட்டாக் குழாயை மட்டும் கவ்விப் பிடிக்கும் பிளவு வளையம் ஒன்றை வாங்கினேன். மெல்லிய எஃகுப் பட்டையை விரித்துக் குழாயின் மேல் நுழைத்து, கீழே ஒரு திருகால் இறுக்குவது அதன் அமைப்பு. துப்பாக்கியின் எந்தத் திருகையும் தொட வேண்டியதில்லை.

இங்கே ஒரு பிழை செய்தேன். நழுவிய கண்ணியின் நினைவில் திருகை வேண்டியதற்கு மேல் இறுக்கிவிட்டேன். அந்தக் குழாயின் சுவர் மெல்லியது. உள்ளே சுருள்வில்லும் தோட்டாக்களைப் பின்னுக்குத் தள்ளும் மூடியும் ஓடுகின்றன. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்கள் ஆறினைப் பக்கவாயில் வழியாக ஏற்றி லீவரை இயக்கிப் பார்த்தபோது, முதல் மூன்று வெளிவந்தன, நான்காவது வரவில்லை. திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் குழாய்க்குள் மூடி நகரும் ஒலி கேட்டது. குழாய் நசுங்கவில்லை என்பதை வளையத்தைக் கழற்றி விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு வளையத்துக்கும் குழாய்க்கும் இடையே சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய மெல்லிய ரப்பர்ப் பட்டையை வைத்து, கையளவு இறுக்கத்தில் நிறுத்தினேன். ஆறு தோட்டாக்களும் ஐந்து முறை தடையின்றி வந்தன. இந்தச் சோதனையைச் செய்யாமல் காட்டுக்குப் போயிருந்தால், சிக்கிய தோட்டாவோடு பனியில் நின்றிருப்பேன்.

அடுத்து இலக்குப் பயிற்சித் திடல். குழலோடு பிணைந்த எதை இறுக்கினாலும் குண்டு போய்ச் சேரும் இடம் மாறக்கூடும் என்பதால், வளையம் இல்லாமலும் வளையத்தோடும் 50 கெஜத்தில் ஐந்தைந்து முறை சுட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இல்லை. ஆனால் வாரை இடது முழங்கையில் சுற்றி இறுக இழுத்துக்கொண்டு சுட்டபோது குண்டுகள் ஏறக்குறைய 2 அங்குலம் கீழே இடப்பக்கமாக இறங்கின. ஆகையால் இந்த வாரைச் சுமப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். சுடும்போது அது தளர்ந்து தொங்க வேண்டும்.

2019 முதல் பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் வேட்டைக் காலம் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகச் சட்டம் கேட்கும் 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சுத் துணியோடு, என் மைத்துனரும் நானும் இருள் பிரியும் முன்பே மலையடிவாரத்தில் இருந்தோம். சரிவில் ஏறுவதற்கு வார் முழுப்பயன் தந்தது. ஆனால் மலை லாரல் புதருக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது: இடுப்புயரத்தில் பின்னிக் கிடக்கும் அந்தக் கிளைகள் தொங்கும் வாரை ஐந்தடிக்கு ஒருமுறை பற்றி இழுத்தன. மைத்துனர் திரும்பிப் பார்த்து, "அதைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், அப்பா இங்கே கையில்தான் பிடித்து வருவார்" என்றார். இரு முனைகளிலும் விரலால் அழுத்தித் திறக்கும் கொக்கிகளை வைத்திருந்ததால் அரை நிமிடத்தில் கழற்றிவிட முடிந்தது. அடர்ந்த புதரில் வேட்டையாடுகிறவர்கள் நிலையாகத் தைத்த வாரைத் தவிர்ப்பது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

அன்று மாலை ஈரப்பனி பெய்தது. வீடு திரும்பிய களைப்பில் துப்பாக்கியை வெளியே மட்டும் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துவிட்டேன். உறையையும் முன் வளையத்தையும் கழற்றவில்லை. மூன்றாம் நாள் கழற்றியபோது, ரப்பர்ப் பட்டையின் விளிம்பையொட்டிச் செம்பழுப்புத் துரு நூலிழைபோல் படர்ந்திருந்தது. உறைக்குக் கீழே வால்நட்டின் மெருகும் ஓரிடத்தில் வெண்மையாகப் பூத்திருந்தது. மிக மெல்லிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்ததில் துரு முழுவதும் போயிற்று. மரத்தின் வெண்மை உலர்ந்த அறையில் ஒரு வாரம் இருந்தபின் தானே மறைந்தது. தோலும் ரப்பரும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் செய்த தவறு.

இப்போது காட்டிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, வார், உறை, வளையம் மூன்றையும் கழற்றி, சமையலறைக் கதவின் பின்னால் உள்ள ஆணியில் தனியே மாட்டிவிடுகிறேன். துப்பாக்கி வெறுங்கட்டையாக, மாமனார் வைத்திருந்தபடியே பெட்டிக்குள் போகிறது. அடுத்த நாள் மறுபடி பூட்ட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.