முகத்துவாரம் தெரியாதவள்

கடலியல் வகுப்பின் முதல் நாளில் ஆசிரியை கொடுத்த தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: உங்கள் ஊர் ஆறு எந்த இடத்தில் கடலில் சேர்கிறது, அந்த இடத்தின் அட்சரேகை என்ன? பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் அரை நிமிடத்தில் எழுதிவிட்டுப் பேனாவைச் சுழற்றத் தொடங்கினான். வேலூரில் பிறந்து, பாலாற்றுப் பாலத்தை ஆயிரம் முறையாவது நகரப் பேருந்தில் கடந்து, முப்பத்தாறு வயதில் கலிஃபோர்னியாவில் மாண்டரே வளைகுடாவுக்கு அருகே குடியிருக்கும் எனக்கு, அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு பாலாறு என்றால் வேலூருக்கும் விருதம்பட்டுக்கும் நடுவில் கிடக்கும் அகலமான மணல்; அவ்வளவுதான். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு எட்டு மணிக்கு, அதாவது ஊரில் காலை எட்டரைக்கு, அம்மாவிடம் கேட்டேன். "ஆறு எங்க போயி சேருதுன்னு யாருக்குத் தெரியும்? தண்ணி வந்தாத்தானேம்மா போயி சேர்றதுக்கு" என்றார். பிறகு, இந்த வயதில் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுக் கடலைப் படிக்கப் போகிறாய் என்று தொடங்கினார். அந்தக் கேள்விக்கு விடை எளிது. இங்கே பள்ளியில் அறிவியல் கற்பிக்க வேண்டுமானால், நான் ஊரில் வாங்கிய வேதியியல் பட்டத்தோடு இன்னும் சில பாடங்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும். பதினாறு வாரம் நடத்த வேண்டிய கடலியலைக் கோடையில் ஆறே வாரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். திங்களன்று கண்டத்தட்டுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள், வியாழனன்று கடல் ஏறி இறங்கும் ஓதங்களைப் பற்றித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பெருங்கடல் கடந்து போயிருந்தது.

கோடை என்ற சொல்லையும் நம்பி ஏமாந்தேன். பருத்திச் சுடிதாரில் முதல் களப்பயணத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் தடித்த மேலங்கியோடு வந்திருந்தார்கள். சூன் மாதத்தில் கடல்நீர் 12 டிகிரி, கரை முழுவதும் மூடுபனி. கத்திரி முடிந்தும் காட்பாடியில் வெயில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்று அம்மா புலம்பிய அதே வாரத்தில் நான் பல் நடுங்கக் குறிப்பெடுத்தேன். காரணம் இரண்டாம் வாரத்தில் விளங்கியது. கோடையில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று நீரை நேராகத் தள்ளுவதில்லை. புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகுகிறது. அதாவது கரையை விட்டுக் கடலை நோக்கிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியாழத்துக் குளிர்நீர் மேலே எழுகிறது. வட துருவப் பனிப்பாறைகள் காற்றின் போக்கிலிருந்து வலப்பக்கம் ஒதுங்குவதை நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சன் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டு 1905இல் விளக்கியவர் ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன். இதையெல்லாம் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அங்க இருந்து கொஞ்சம் காத்த இந்தப் பக்கம் தள்ளி வுடு" என்றார்.

பாடத்தைவிடச் சிரமமாக இருந்தது ஆசிரியையை அழைப்பது. அறுபதை நெருங்கும் அவரை எல்லாப் பிள்ளைகளும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மிஸ் என்று அழைத்தே வளர்ந்த நாக்கு அதற்கு இணங்கவில்லை. கடைசிவரை நான் அவரை எப்படியும் அழைக்கவில்லை. அருகில் போய்த் தொண்டையைச் செருமுவேன், அவர் திரும்பிப் பார்ப்பார். ஆறு வாரமும் எனக்கு இருமல் என்றே அவர் நினைத்திருக்கக்கூடும்.

உப்பைப் பற்றிய ஆய்வக நாள் மட்டும் எனக்காகவே வைத்ததுபோல் அமைந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்த சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைத் திட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். எந்தக் கடலாக இருந்தாலும் மொத்த உப்பு கூடலாம், குறையலாம். ஆனால் அதற்குள் குளோரைடு, சோடியம், மக்னீசியம் ஆகியவற்றின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1884இல் எழுதினார். ஆகவே குளோரைடை மட்டும் அளந்தால் போதும், மொத்த உப்பைச் சொல்லிவிடலாம். இன்று மின்கடத்துதிறனை அளக்கும் கருவி நொடியில் சொல்லிவிடுகிறது; ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அதை வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஆசிரியை சொன்னபோது என் கை தானாக உயர்ந்தது. அதை நான் செய்திருக்கிறேன். கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஆம்பூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பாட்டிலில் நீர் எடுத்து வந்து, பியூரெட்டுக்கு அடியில் நின்று, மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்திருக்கிறேன்.

ஆசிரியை வியந்தார், எதற்காகக் கிணற்று நீரில் குளோரைடு தேடினீர்கள் என்று கேட்டார். எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி வருவதையும், ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குவதையும், அது பல்லாண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டதையும், வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். இங்கே வந்து நாலு ஆண்டுகளில் ஓர் அறையில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுவே முதல் முறை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் 1,900 மில்லிகிராம் இருப்பதாக ஆர்.ஓ. பொருத்த வந்தவர் சொன்னார். பதினெட்டுக் கிணறுகள் சேர்ந்தால் ஒரு கடல் என்று வீட்டுக்காரரிடம் கணக்குச் சொன்னேன். அவர் கும்பகோணத்துக்காரர், சிரித்தார்.

காவிரிக்காரர்களுக்கு எங்கள் வருத்தம் புரியாது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். அவற்றில் சாமியை 1981இல் மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளச் செய்துவிட்டோம். ஜலகண்டேஸ்வரர் என்று பெயரிலேயே நீரை வைத்திருக்கிறார். ஆறு மட்டும் வரவில்லை. நாங்கள் ஆற்றுக்குள் இறங்கியது மயானக்கொள்ளைக்கு, காணும் பொங்கலுக்கு, மட்டைப்பந்துக்கு. பிறகு 2021 நவம்பரில், வங்கக்கடலிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் கரையைக் கடந்து பெய்த மழையில், அது இரு கரையும் முட்ட ஓடியது. திருவிழாவுக்குப் போவதுபோல் குடும்பத்தோடு பாலத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்தின் கதையைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த அப்பா, இதைப் பார்த்துவிட்டேன் என்று நிறைவாகச் சொன்னார். நான் அந்த ஆண்டு சூலையில்தான் விமானம் ஏறியிருந்தேன். நாலு மாதம் பொறுத்துப் போயிருக்கலாம். எத்தனையோ இழப்புகளை விட்டுவிட்டேன், இதை இன்னும் விட முடியவில்லை. அந்தப் பாலத்தின் மேலிருந்து அம்மா எடுத்து அனுப்பிய, பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல் தெரியும் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஐந்தாம் வாரம் சாலினாஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார்கள். சாலினாஸ் என்ற ஸ்பானியச் சொல்லுக்கு உப்பளம் என்று பொருள். எங்களுடையது பாலின் பெயரில், இது உப்பின் பெயரில். மேட்டில் ஏறி நின்று பார்த்த பிள்ளைகள், ஆறு எங்கே என்று கேட்டார்கள். ஒரு பக்கம் தேங்கிய குட்டை, மறுபக்கம் கடல், நடுவில் மணல்திட்டு. கோடையில் நீர்வரத்து குறைந்தவுடன் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும், மேலே பல மைல்களுக்கு ஆறு மணலுக்கு அடியிலேயே நடக்கிறது, அதனால் இதைத் தலைகீழ் ஆறு என்பார்கள் என்று ஆசிரியை விளக்கினார். பையன்களுக்கு ஏமாற்றம். எனக்கோ, நாலு ஆண்டுகளில் முதல் முறையாக இந்த நாட்டில் தெரிந்தவர் ஒருவரைத் தெருவில் பார்த்துவிட்டது போலிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக் குந்தி உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டினேன். முழங்கை அளவு போனதும் நீர் கசிந்தது. சிறு வயதில் குழாயில் நீர் வராத கோடைகளில் ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். ஊற்றுத் தோண்டியவுடன் வரும் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, கலங்கல் தெளியும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு கொட்டாங்குச்சியால் மணல் அசையாமல் மொள்ள வேண்டும். அப்படியே இறைத்தேன், அப்படியே காத்திருந்தேன், உள்ளங்கையில் எடுத்து வாயில் வைத்தேன். கரித்தது. துப்பிவிட்டு நிமிர்ந்தால் வகுப்பே என்னைச் சுற்றி நின்றது. ஆசிரியை கருவியை அந்தக் குழியில் இறக்கிப் பார்த்து, லிட்டருக்கு 19 கிராம் உப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மேலங்கி இல்லாமல் வெளியே போவதில்லை. ஓத அட்டவணை பார்த்துத்தான் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். இறுதிக் கட்டுரையில் இரண்டு ஆறுகளையும் அருகருகே வைத்து எழுதினேன். 348 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில், வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் பாலாறு வங்கக்கடலில் சேர்கிறது என்று முதல் வரியிலேயே குறித்திருந்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. அதை அப்பாவிடம் சொன்னதுதான் பிழை.

அடுத்த ஞாயிறு அவர் தம்பியின் வண்டியில் உட்கார்ந்து, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வயலூருக்கே போய்விட்டார். எழுபது வயதில், ஆவணி வெயிலில். காணொளியை முழுவதும் காற்றின் இரைச்சல் தின்றிருந்தது. கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்கக் கட்டிய தடுப்பணையைக் காட்டினார், பிறகு வெகுதூரம் மணல், அதன் கடைசியில் வெள்ளையாக ஒரு கோடு. "இதாம்மா அது. நடுவுல மணல்தான் கீது, ஆறு போயி தொடல" என்று கத்தினார். செல்பேசியைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.