விற்காத பங்குக்கு விலை காணுதல்

சந்தையில் விலை இல்லாத முதலீடு ஒன்றை நியாயப் பெறுமதியில் ஐந்தொகைக்குக் கொண்டுவருவதுதான் யாழ்ப்பாணத்தில் கணக்காய்வு செய்யும் எனக்கு அதிக நேரம் எடுக்கும் வேலை. இங்குள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் குடும்பத்தவரும் உறவினரும் சேர்ந்து நடத்துபவை. ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்திருக்கும், ஆனால் அந்தப் பங்கு கொழும்புப் பங்குச்சந்தையில் இராது.

மீன் பதனிடும் குளிரறை நிறுவனம் ஒன்றில் முதலிட்டிருந்த கம்பனியின் மூத்த பணிப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நாங்கள் இதை விக்கப் போறேல்லை. பிறகேன் விக்கிற விலையைத் தேடுறியள்?" கேட்கவேண்டிய கேள்விதான். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமமான எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 13இன்படி நியாயப் பெறுமதி என்பது, மதிப்பிடும் திகதியில், நெருக்கடியில் அவசரப்பட்டு விற்காமல் ஒழுங்காக நடக்கும் கொடுக்கல் வாங்கலில் ஒரு சொத்துக்குக் கிடைக்கக்கூடிய, அல்லது ஒரு பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றுவதற்குச் செலுத்தவேண்டிய விலை. வைத்திருப்பவரின் எண்ணம் அதை மாற்றாது. வாங்கிய விலையும் சில அரிதான நிலைமைகளில் மட்டுமே அதற்கு ஈடாகும்.

மதிப்பிடப் பயன்படும் தரவுகளை, அதாவது உள்ளீடுகளை, அந்த நியமம் மூன்று மட்டங்களாக வகுக்கிறது. உயிர்ப்பான சந்தையில் அதே பங்குக்கு விலை இருந்தால் அது முதலாம் மட்டம். அரசின் கடன் பத்திரங்களான முறிகள் சந்தையில் தரும் வருவாய் வீதம் போல எவரும் பார்க்கக்கூடிய தரவிலிருந்து கணித்தால் இரண்டாம் மட்டம். இந்த வீதங்கள் எவ்வளவு வலியவை என்பதை 2022 காட்டியது. அவ்வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி தரும், மூன்றாண்டு எஞ்சியுள்ள 100 ரூபா முறியை, வட்டி ஆண்டுக்கொருமுறை வருவதாகக் கொண்டு சந்தை வீதம் 25 சதவீதமாகும்போது அந்த வீதத்தில் இன்றைய பெறுமதிக்குக் கழிவிட்டால் ஏறத்தாழ 70.72 ரூபாதான் வரும். பலரின் நட்டம் அளவுமீறியதால், சில கடன் முதலீடுகளை நியாயப் பெறுமதியிலிருந்து, சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாத கிரய அடிப்படைக்கு (amortised cost) மாற்ற பட்டயக் கணக்காளர் நிறுவகம் இடமளித்தது. அந்தச் சலுகையின் தேவை எனக்கு விளங்குகிறது. ஆயினும் வாசகருக்கு உண்மை விலை மிக வேண்டியிருந்த ஆண்டும் அதுவே என்று நினைக்கிறேன்.

பொறுப்புக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. நிறுவனத்தின் கடன் தரம் கெட்டால் அதன் கடனின் பெறுமதி குறைந்து இலாபம்போலத் தெரியும். நியாயப் பெறுமதியில் காட்டத் தெரிவுசெய்த கடன்களில் அந்தப் பகுதியைப் பொதுவாக இலாபநட்டக் கணக்கில் சேர்க்காமல் ஏனைய முற்றடக்க வருமானத்தில் காட்டவேண்டும் என எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 9 வகுத்தது மிகச் சரியானது.

எவரும் பார்க்கக்கூடிய தரவு போதாததால் குளிரறைப் பங்கு மூன்றாம் மட்டம். உள்ளீடுகளை நாங்களே நியாயப்படுத்தவேண்டும். தரப்பட்ட எதிர்வுகூறலில் மீன் வரவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. நான் நாளாந்த வரவுப் புத்தகத்தையும் மின்கட்டணப் பட்டியல்களையும் கேட்டு வாங்கினேன். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அறைகள் பாதி வெறுமையாயிருந்தது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. காசுப்பாய்ச்சலைக் குறைத்தோம். எளிதில் விற்கமுடியாத பங்கு என்பதற்கும் ஒரு கழிவு வைத்தோம். வருங்காலக் காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரும் கழிவு வீதம் 2 சதவீதப் புள்ளிகள் ஏறினால் பெறுமதி எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்கறிக்கையின் குறிப்பில் எழுதவேண்டும் என்றேன். பணிப்பாளர் அந்தப் பந்தியை இரண்டுதரம் வாசித்துவிட்டு, சபைக் கூட்டத்தில் தானே விளக்குவதாகச் சொன்னார்.